கேட்டல்

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது:
கண்டெடுக்க உத்தேசித்துள்ள பொருள் யாது?
தெரியாது என்று போட்டேன்.
இருபது எழுத்தாவது வேண்டும் என்றது திரை.
எனக்கு உண்மையிலேயே தெரியாது ஐயா என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

கருவியை ஈசூனில் வாங்கினேன்.
எண்பது வெள்ளி, பழையது,
புளோக்கின் கீழ்த்தளத்தில், மிதிவண்டிகளுக்குப் பக்கத்தில்.
விற்றவர் பேட்டரி மூடியை
ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்.
பொது நிலத்தில் சும்மா நீட்டிவிடாதே,
கேட்டுக்கொள் என்றார்.
கேட்டேன்.

கேட்டு ஐந்து வாரம்.
பூங்கா அலுவலகம் கடற்கரைப் பிரிவுக்கு அனுப்பியது,
கடற்கரைப் பிரிவு நிலப் பிரிவைக் கைகாட்டியது.
நிலப் பிரிவில் சியூ ஹூன் என்றொரு குரல்:
தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரிகிற மணலா,
எப்போதும் தெரிகிற மணலா?
இரண்டுக்கும் வேறு வேறு படிவம்.
பாசிர் ரிஸுக்குப் போய் நின்று பார்த்தேன்.
அலை வந்து எல்லையைத் திருத்திவிட்டுப் போனது,
திரும்ப வந்து திருத்தியது.
எப்போதும் என்று நிரப்பினேன்.

நகை ஏதும் தொலைத்துவிட்டீர்களா?
இல்லை.
காசு பார்க்கவா?
இல்லை மிஸ்.
பிறகு?

சொன்னேன்.
ரயில் பாதையில் இரவு வேலை எனக்கு.
கடைசி வண்டி போனபின் ஒன்றரையிலிருந்து நான்குவரை
தண்டவாளத்தின்மேல் ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு நடப்பேன்,
காதில் ஒலிப்பான்.
சத்தம் வந்தால் விரிசல்.
பதினோரு வருடமாக
ஒன்றும் கேட்காத இரவுதான் நல்ல இரவு.
ஒரு தடவையாவது
சத்தம் வந்தால் சந்தோஷப்படுகிற இடத்தில் நடக்கவேண்டும்.

மறுமுனையில் தட்டச்சு நின்றது.
காரணம் என்ற இடத்தில் இதை எப்படிப் போடுவது என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து அவரே,
பொழுதுபோக்கு. சரியா?
சரி.

செவ்வாய், காலை ஏழு முதல் ஒன்பது.
இறைச்சி வாட்டும் அடுப்பு
முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றுவரை.
ஆழம் பதினைந்து சென்டிமீட்டர், மிகக் கூடாது.
வேர் தென்பட்டால் நிறுத்து.
உருளையாய், கனமாய், மூக்குக் கூராய் ஏதேனும் தென்பட்டால்
தொடாதே, தள்ளி நில், போலீஸைக் கூப்பிடு
(அந்தப் போர் இன்னும் முடியவில்லை,
ஏழாம் நிபந்தனையில் படுத்திருக்கிறது).
தோண்டிய இடம் தோண்டிய இடமாய்த் தெரியலாகாது.

டின் திறக்கும் வளையம் பதினான்கு.
கூடார முளை.
கடைகளில் யாரும் வாங்காத ஒரு காசு.
பூட்டியபடியே ஒரு பூட்டு.
சருகு கூட்டிக்கொண்டிருந்த ரஃபீக்குல்
எட்டிப் பார்த்து, சோனா? என்றார்.
ஒரு வளையத்தைக் கொடுத்தேன்.
சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்துவிட்டுக்
கவனமாய்க் குப்பைப் பையில் போட்டார்.

நாற்பதாம் அடுப்புக்குக் கிழக்கே, எட்டு நாற்பதுக்கு,
அது வந்தது.
வளையத்தின் கீச்சு இல்லை.
தணிந்து, உருண்டு, விடாமல்,
எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அதே இடத்தில்.
ஆழம் இருபத்திரண்டு என்றது கருவி.
ஏழு சென்டிமீட்டர்
என் அனுமதி முடிவதற்கும் அது தொடங்குவதற்கும் நடுவில்.
ரஃபீக்குல் முதுகு காட்டியிருந்தார்.
சியூ ஹூன் எங்கோ பன்னிரண்டாம் மாடியில்.
மண்வாரி கையில்.

மண்வாரியைக் கீழே வைத்தேன்.
ஒலிப்பானை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு
ஒன்பது அடிக்கும்வரை நின்றேன்.
காலுக்குக் கீழே விரிசல் இல்லாத ஒன்று
தன் பெயரைச் சொல்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

அறிக்கையில் பொருள், எண்ணிக்கை, மதிப்பு.
வளையம், பதினான்கு, இல்லை.
பூட்டு, ஒன்று, இல்லை.
பிற குறிப்புகள் என்ற கட்டத்தில்
கேட்டேன் என்று எழுதவேண்டும்போல் இருந்தது.
படிவத்தின் மொழியில் அதற்கு இரண்டு சொல்,
அனுமதிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று.
எதைப் போட?

நல்லவேளை,
அந்தக் கட்டத்துக்கு எழுத்துக் கணக்கு இல்லை.
வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.
ஏற்றுக்கொண்டது.